மில்காரர் வண்டிக்கு நான் வாங்கிய பின் கன்

எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கென்று செல்போனில் ஒரு குழு இருக்கிறது. குஷன் கடைக்காரர்கள், கார் சீட் தைக்கிறவர்கள், சோபா வேலைக்காரர்கள் எல்லோரும் அதில் உண்டு. நான் வேலையை விட்டு வீட்டோடு இருக்க ஆரம்பித்த பிறகும் என்னை யாரும் அதிலிருந்து எடுக்கவில்லை. போன வாரம் தென்காசிப் பக்கம் கடை வைத்திருக்கும் செல்வி என்ற பெண் அதில் ஒரு கேள்வி போட்டிருந்தாள். அந்தக் காலத்துக் கார் ஒன்று வேலைக்கு வந்திருக்கிறது, உள்ளே முழுக்க மரச்சட்டம், அதில் துணியும் தோலும் அடிக்க, ஸ்டேப்ளர் போலப் பின்னை இறக்குகிற பின் கன் எதை வாங்கலாம் என்று கேட்டிருந்தாள்.

பதில்கள் வந்து குவிந்தன. பாதிப் பேர், பழைய வண்டியில் பின்னை அடிக்கவே கூடாது, ஆணிதான் அடிக்க வேண்டும் என்றார்கள். மீதிப் பேர், லேடீஸ் கைக்குப் பேட்டரி கன்தான் லேசாக இருக்கும், அதையே வாங்கிக்கொள் என்றார்கள். அவள் வண்டியைப் பற்றிக் கேட்டாள். இவர்கள் அவள் கையைப் பற்றிப் பதில் சொன்னார்கள்.

அதைப் படித்து வந்த கோபம் இன்னும் எனக்கு இறங்கவில்லை. செல்வியிடம் தனியாகப் பேசிவிட்டேன். மற்றவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என் பெயர் ஜெயராணி. பாளையங்கோட்டையில் பிறந்து, மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, அங்கேயே தையல் வகுப்பும் முடித்தவள். சட்டையும் பாவாடையும் தைத்துக்கொண்டிருந்த என்னைப் பேட்டைத் தொழிற்பேட்டையில் இருந்த ஒரு வண்டிப் பட்டறைக்குத் தையலுக்குக் கூப்பிட்டார்கள். போனேன். ரெக்சின் தைக்கப் பழகும் மட்டும் ஊசியை உடைத்தேன், விரலில் குத்திக்கொண்டேன். பிறகு பழகிவிட்டது. அதில் சொல்வதற்கு வேறொன்றும் இல்லை.

பட்டறை மீரான் காக்காவுடையது. காயல்பட்டினத்துக்காரர், அந்தப் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்பார்கள். வளைகுடாவில் ஒரு பெரிய வண்டிப் பட்டறையில் சீட் வேலை பார்த்துவிட்டு வந்து இங்கே சொந்தமாகத் தொடங்கியவர். பஞ்சும் பசையும் பறக்கிற இடத்தில் வெள்ளைச் சட்டைதான் போடுவார். அதில் ஒரு கறை நான் பார்த்ததில்லை. யாரையும் அவர் திட்டியதும் இல்லை. வேலை முடிந்த வண்டியில் ஏறி, தைத்த சீட்டில் உட்காருவார். இடது பக்கம் ஒரு சாய்வு, வலது பக்கம் ஒரு சாய்வு. சரியாக இருந்தால் உடனே எழுந்து போய்விடுவார். சரியில்லை என்றால் எழுந்திருக்க மாட்டார். கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பார். வேலை செய்தவன் பக்கத்தில் போய், "என்ன காக்கா?" என்று கேட்க வேண்டும். "நீங்க ஒரு தடவ இதுல இரிங்க" என்று இடத்தை விட்டுக் கொடுப்பார். உட்கார்ந்தால் தெரிந்துவிடும். அந்த மௌனத்துக்குப் பயந்தே நாங்கள் ஒழுங்காக வேலை பார்த்தோம்.

அவருக்கு அடுத்தபடி சுடலைமுத்து அண்ணாச்சி. சட்டத்தில் துணியை இழுத்து அடிப்பது அவர் வேலை. டேக்ஸ் என்று நாங்கள் சொல்லும் குட்டை ஆணிகளை ஒரு பிடி வாயில் போட்டுக்கொள்வார். நாக்கால் ஒவ்வொன்றாக உதட்டுக்குத் தள்ள, காந்தச் சுத்தியல் அதைக் கவ்விக்கொள்ள, ஒரே தட்டில் இறக்குவார். பார்க்க அழகாக இருக்கும், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் வகுத்த ஒரு சட்டம் பட்டறையில் இருந்தது. தைப்பது பொம்பளை, அடிப்பது ஆம்பளை.

நான் தைத்துக் கொடுக்கும் உறை அவர் கைக்குப் போய்த் தையல் கோணலாகி வரும். துணி வெட்டியது சரியில்லை என்று பழி என் மேல் விழும். ஒரு நாள் காக்காவிடம் போய், நான் தைத்ததை நானேதான் அடிப்பேன், இல்லையென்றால் கோணலுக்கு என்னைக் கேட்கக் கூடாது என்று சொன்னேன். காக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு, வேன் சீட்டில் இருந்து ஆரம்பியுங்கள் என்றார். பட்டறையில் வேன் சீட்டுகளுக்கென்று கம்ப்ரசர் காற்றால் பின் அடிக்கும் ஒரு காற்று கன் இருந்தது. பிடி பருத்தது. விசையை எட்ட என் ஆள்காட்டி விரலை முழுதாக நீட்ட வேண்டும். ஒரு வேனை முடிப்பதற்குள் மணிக்கட்டு வீங்கிவிடும். வீக்கத்தை யாரிடமும் காட்டவில்லை. காட்டினால் தையல் மிஷினுக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று தெரியும்.

அந்த நாட்களில்தான் மில்காரர் வண்டி வந்தது.

கல்லிடைக்குறிச்சியில் அரிசி மில் வைத்திருந்தவர் சங்கரலிங்கம். அவருடைய அப்பா வாங்கிய இங்கிலாந்து வண்டி அது. இரண்டாம் உலகப் போருக்கு முந்தியது. விரித்து மடக்கும் துணிக்கூரை. மேலே தகடு, உள்ளே எல்லாம் மரம். சீட்டுக்கு மரச்சட்டம், கதவுக்கு மரச்சட்டம், கூரைத்துணி பின்பக்கம் வந்து பிடிக்கிற இடத்திலும் வளைத்துச் செய்த மரச்சட்டம். எஞ்சினைச் சரி செய்து ஓட வைத்துவிட்டார்கள். சீட்டும் கதவு உள்பக்கமும் கூரையும் எங்களுக்கு.

மில்காரருக்கு இரண்டு ஆசைகள். ஐப்பசியில் அவருக்கு அறுபதாம் கல்யாணம். அன்றைக்கு வீட்டிலிருந்து பாபநாசம் கோயிலுக்கு மனைவியை இந்த வண்டியில் கூட்டிப் போக வேண்டும். பிறகு மதுரையில் நடக்கும் பழைய கார்க் கண்காட்சிக்குக் கொண்டு போக வேண்டும். அங்கே வண்டியைச் சோதித்து மார்க் போடுவார்களாம். அதனால் எல்லாம் பழைய முறையில்தான், ஆணி அடித்துத்தான் இருக்க வேண்டும் என்று சொன்னார். சுடலைமுத்து அண்ணாச்சிக்கு முகம் மலர்ந்துவிட்டது.

பழைய தோலைப் பிரித்தது நான். பிரிக்கும்போதுதான் மரம் தன் கதையைச் சொல்லும். அந்தச் சட்டங்களில் ஆணி போன துளைகள் வரிசை வரிசையாக இருந்தன. ஒரு வரிசை வெடித்திருக்க, அதற்கு மேலே இன்னொரு வரிசை, கீழே இன்னொன்று. இந்த வண்டிக்கு ஏற்கனவே எத்தனையோ தடவை சீட் மாற்றியிருக்கிறார்கள். மரம் காய்ந்து, ஓரம் எல்லாம் நார் நாராகப் பிரிந்து நின்றது. கதவுச் சட்டத்தில் சுத்தியல் பிடியால் மெதுவாகத் தட்டிப் பார்த்தேன். மூலையில் பசை விட்டுப்போன மூட்டு ஆடியது.

இதில் மறுபடியும் ஆணி அடித்தால் மரம் பிளக்கும், தட்டுகிற அதிர்ச்சிக்கே மூட்டு கழன்றுவிடும், மெல்லிய பின்னைக் காற்று கன்னால் அடிக்க வேண்டும் என்று சொன்னேன். சுடலைமுத்து அண்ணாச்சி சிரித்தார்.

"சோபாவுக்கு அடிக்க சாமானத்தக் கொண்டுவந்து இந்த வண்டியில வைக்காதட்டி. இது ஆணி கண்ட மரம்."

"ஆணி கண்ட மரம்தான் அண்ணாச்சி. கண்டது போதுங்கேன்."

காக்கா இரண்டு பேரையும் பார்த்தார். சீட்டிலிருந்து கழற்றிப் போட்ட உடைந்த சட்டத் துண்டு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். ஒரு பக்கம் அண்ணாச்சி ஆணியால் தோலை அடிக்க வேண்டும், மறுபக்கம் நான் பின்னைக் கொண்டு அடிக்க வேண்டும். அடித்தோம். காக்கா இரண்டு தோலையும் கையால் பிடித்து இழுத்தார். அண்ணாச்சியின் ஆணி என் பின்னைவிட நன்றாகப் பிடித்திருந்தது. அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் ஆணி போன இடத்தில் மரம் நெடுக்கக் கீறல் விட்டிருந்தது. என் பக்கத்தில் மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பருத்த கன்னின் அழுத்தம் தாங்காமல் இரண்டு இடத்தில் பின் தோலையே வெட்டிக்கொண்டு உள்ளே போயிருந்தது.

காக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆணி வேண்டாம். இந்தக் கன்னும் வேண்டாம். ராணி, நீங்க போயி இந்த மரத்துக்கு ஆகிறத வாங்கிட்டு வாங்க" என்றார். என்னோடு யாரையும் அனுப்பவில்லை. அது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

ஜங்ஷனில் ஒரு கருவிக் கடைக்குப் போனேன். பையில் அந்தச் சட்டத்தின் ஒரு துண்டு, வண்டிக்கு வாங்கியிருந்த தோலில் ஒரு துண்டு, கூரைத்துணியில் ஒரு துண்டு வைத்திருந்தேன். பின் கன் வேண்டும் என்றதும் கடைக்காரர் என்னைப் பார்த்தார், உள்ளே போனார், மின்சாரத்தில் ஓடும் சின்ன கன் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்.

"அக்கா, இது லேசா இருக்கும். லேடீஸெல்லாம் இதத்தான் வாங்குதாவ."

"உங்க கடைக்கு எந்த லேடீஸு வந்து வாங்கினாவ?" என்று கேட்டேன்.

மரத்துண்டை மேசையில் வைத்து, அடித்துப் பார்த்துத்தான் வாங்குவேன் என்றேன். அப்படியெல்லாம் வழக்கமில்லை என்றார். வழக்கமில்லை என்றால் நான் இங்கேயே நிற்கிறேன், வழக்கம் வரும்போது சொல்லுங்கள் என்று ஓரமாக நின்றுகொண்டேன். வாடிக்கையாளர்கள் வருவதும், என்னைப் பார்ப்பதும், போவதுமாக இருந்தார்கள். கடைசியில் அவருக்கே சங்கடமாகிவிட்டது. பின்கட்டில் கம்ப்ரசர் இருக்கிறது, வந்து அடித்துத் தொலையுங்கள் என்று கூட்டிப் போனார்.

லேடீஸ் கன் முதலில். அந்தக் காய்ந்த மரத்தில் பின் பாதி இறங்கிப் பாதி வெளியே நின்றது. அந்தப் பாதியைச் சுத்தியலால் தட்டித்தான் இறக்க வேண்டும். பிறகு கன் எதற்கு? அடுத்தது கையால் அமுக்கி அடிக்கிறது. அமுக்கும்போது அதுவே பின்னால் எகிறியது. அதோடு அதற்குப் போடும் பின்னின் கம்பி தடிமன். ஆணியைப் போலவே மரத்தின் ஓரத்தை வெடிக்க வைத்தது. மூன்றாவது, எங்கள் பட்டறையில் இருந்ததைப் போன்ற பெரிய காற்று கன். அதன் மூக்கு மொட்டை. கூரையின் இரும்புக் கம்பிக்கும் மரச்சட்டத்துக்கும் நடுவே உள்ள இடுக்கில் அது நுழையவே நுழையாது.

நான்காவதாக அலமாரியின் மேல்தட்டில் இருந்த ஒன்றைக் கேட்டேன். நீண்டு மெலிந்த மூக்கு. மெல்லிய கம்பிப் பின் போடுவது. அது கனமாக இருக்கும், உங்களுக்குச் சரிப்படாது என்றார். எடுத்துக் கொடுங்கள், கனத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். கையில் வாங்கியதும் தெரிந்துவிட்டது. முதலில் காட்டிய லேடீஸ் கன்னைவிட எடை கூடத்தான். ஆனால் பிடி மெலிந்தது, விசை விரலுக்குப் பக்கத்தில் வந்தது, எடை முழுக்கப் பிடிக்கு நேர்மேலே உட்கார்ந்தது. லேடீஸ் கன்னின் எடையோ முன்மூக்கில் தொங்கி மணிக்கட்டை முறிப்பது. லேசான சாமான் முன்பாரமாக இருந்தால் கையைக் கொல்லும். கனமான சாமான் சரியாக உட்கார்ந்தால் நாள் முழுக்கப் பிடிக்கலாம். இது ஆம்பளைக் கைக்கும் பொருந்தும்.

அதில் ஒரு குறை இருந்தது. அடிக்கும்போது வெளியேறும் காற்று என் முகத்தில் வந்து ஊதியது. கடைக்காரரே பின்மூடியைத் திருகிக் காட்டினார், காற்று பக்கவாட்டில் போயிற்று. காற்றழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கச் சொல்லி, ஒவ்வொரு தடவையும் அடித்து, கட்டைவிரல் நகத்தைப் பின்னின் முதுகில் ஓட்டிப் பார்த்தேன். நகம் தடுக்கினால் பின் மேலே நிற்கிறது. நகம் குழியில் விழுந்தால் தோல் வெட்டுப்படுகிறது. இரண்டும் இல்லாமல் வழுக்கிப் போகும் அழுத்தம் ஒன்று வந்தது. அதைக் குறித்துக்கொண்டு அந்தக் கன்னை வாங்கினேன்.

எல்லோரும் முதலில் கன்னை வாங்குகிறார்கள், பிறகு அதற்கு என்ன பின் கிடைக்கிறதோ அதைப் போடுகிறார்கள், அந்தப் பின்னை மரம் தாங்கித்தான் ஆக வேண்டும் என்கிறார்கள். நான் தலைகீழாகச் செய்தேன். மரம் எந்தப் பின்னைத் தாங்கும் என்று பார்த்தேன், அந்தப் பின்னை எந்தக் கன் ஒழுங்காக இறக்கும் என்று பார்த்தேன். இதைச் சொன்னதற்காக என்னைத் திமிர் பிடித்தவள் என்றவர்கள் உண்டு. இருக்கட்டும்.

வேலை ஆரம்பித்தது. காலையில் முதல் காரியம் கம்ப்ரசரின் அடியில் தேங்கிய தண்ணீரைத் திறந்துவிடுவது. அதை விட்டால் ஈரக்காற்று கன்னுக்குள் போய், அங்கிருந்து பின்னில் ஏறி, பிறகு தோலில் துருக்கறையாக வெளிவரும். அதற்காகவே துருப்பிடிக்காத பின்தான் வாங்கி வைத்திருந்தேன். பிறகு கன்னில் ஒரு சொட்டு எண்ணெய். பிறகு கழிவு மரத்தில் ஒரு சோதனை அடி. அப்புறம்தான் வண்டி. துணியை நடுவில் பிடித்து ஒப்புக்கு ஒன்று அடித்து, அங்கிருந்து இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டு போக வேண்டும். பின்னை மர நாரின் ஓட்டத்துக்கு நேராக வைக்கக் கூடாது. இரண்டு காலும் ஒரே நாரில் இறங்கினால் அந்த நார் பிளந்துவிடும். கொஞ்சம் சாய்த்து வைத்தால் இரண்டு கால்களும் வேறு வேறு நாரைப் பிடிக்கும். பழைய ஆணித் துளைகளுக்கு நடுவே இன்னும் உயிரோடு இருக்கும் மரத்தைத் தேடித் தேடி அடித்தேன். சீட் முடிந்தது. கதவுகள் முடிந்தன. காக்கா ஏறி உட்கார்ந்தார், சாய்ந்தார், எழுந்து போய்விட்டார்.

கடைசியாகக் கூரை. பின்பக்கச் சட்டத்தில் பழைய துணியின் கடைசித் துண்டைப் பிரித்துவிட்டு, வழக்கம்போல் ஊசியால் குத்திப் பார்த்தேன். ஊசி வெண்ணெயில் போவது போல் போயிற்று. இன்னும் தள்ளிக் குத்தினேன், அங்கேயும் அப்படித்தான். மேலே வண்ணம் பூசிய தோடு மட்டும் மரம். உள்ளே எல்லாம் உளுத்து மாவாகக் கொட்டியது. சட்டத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை மட்டும் அதே கதை.

காக்கா மில்காரருக்குச் சொல்லி அனுப்பினார். மறுநாள் வந்தார். கல்யாண நாள் நெருங்கிவிட்டது, பத்திரிகை கொடுத்தாகிவிட்டது, ஐப்பசி மழை வேறு. அவர் சட்டத்தைப் பார்த்தார், என்னிடம் திரும்பினார்.

"நீளமான பின்னாப் போட்டு, உள்ள பசைய ஊத்தி அடிச்சிரும்மா. மேல துணி மூடிரும்லா. கல்யாணம் முடிஞ்சதும் மெல்லப் பாத்துக்கிடலாம்."

"துணி மூடிரும் முதலாளி. வண்டி ஓடுதப்ப காத்து புடிச்சி இழுக்கும்லா. இரும்புக் கம்பியோட கூரை பிச்சிக்கிட்டு விழுந்தா, பின்னால யாரு இருக்கப்போறா?"

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. பைய ஓட்டிப் போவோம், இருபது மைல்கூட இல்லாத தூரம்தானே என்று வாதாடினார். நான் கன்னிலிருந்து காற்றுக் குழாயைக் கழற்றி மேசையில் வைத்தேன். இந்தச் சட்டத்தில் நான் ஒரு பின்கூட அடிக்க மாட்டேன், சட்டத்தை மாற்றிக் கொடுத்தால் அடிக்கிறேன் என்று சொன்னேன். பட்டறையில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டார்கள். அந்த வேலை போனால் வேறு பட்டறையில் எனக்குத் தையல் மிஷினைத் தவிர வேறெதையும் தர மாட்டார்கள்.

மில்காரர் என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டு காக்காவைப் பார்த்தார். "இந்தம்மாவ விடும், வே. சுடலைமுத்து அடிக்கட்டும். மொதல்லயே நான் ஆணிதான் கேட்டேன்."

காக்கா சுடலைமுத்து அண்ணாச்சியைத் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். அண்ணாச்சி அந்நேரம் ஒரு ஜீப் சீட்டில் இருந்தார், வாய் நிறைய ஆணி. எழுந்து வந்தார். சட்டத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். விரல் உள்ளே போயிற்று. நகத்தில் ஒட்டிய மாவை வேட்டியில் துடைத்தார். பிறகு வாயிலிருந்த ஆணிகளை உள்ளங்கையில் துப்பினார். அவர் வேலைக்கு நடுவில் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

"அவ கன்ன எனக்குப் பிடிக்காது. அது வேற பேச்சு" என்றார் மில்காரரிடம். "இந்த மரத்துல ஆணியும் பிடிக்காது முதலாளி. நானும் அடிக்க மாட்டேன்."

சொல்லிவிட்டு ஜீப்பிடம் போய்விட்டார். என்னைப் பார்க்கக்கூட இல்லை.

மில்காரர் கூரை இல்லாத வண்டியை அப்படியே ஓட்டிக்கொண்டு போனார். காக்காவிடம் சொல்லிக்கொள்ளவும் இல்லை. பெரிய வாடிக்கை போயிற்று என்று பட்டறையில் பேசிக்கொண்டார்கள். காக்காவோ மறுநாள் அடுத்த வண்டியின் சட்டத்தையும் கன்னையும் என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

கல்யாணத்தன்று என்ன நடந்தது என்பதைப் பிறகு கேள்விப்பட்டோம். கூரை இல்லாமலேயே மனைவி கோமதி ஆச்சியைப் பட்டுப்புடவையில் ஏற்றிக்கொண்டு மில்காரர் பாபநாசம் போயிருக்கிறார். போகும்போது வெயில். திரும்பும்போது அம்பாசமுத்திரம் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. மாலையும் பட்டும் புதுத் தோல் சீட்டும் நனைந்து, இரண்டு பேரும் தொப்பலாக வீடு வந்து சேர்ந்தார்கள். கேட்டதும் எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் நனைந்தவர்கள் துடைத்துக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

தை பிறந்த பிறகு மில்காரர் திரும்பி வந்தார். பின்சட்டத்தைப் புதிதாகத் தேக்கில் வளைத்துச் செய்து வண்டியில் பொருத்தியிருந்தார். நான் கேட்டது போலவே செய்திருந்தார், ஆனால் என்னோடு பேசவில்லை. எல்லாம் காக்கா வழியாகத்தான்.

புது மரம் பச்சையும் இல்லை, காய்ந்ததும் இல்லை. ஆணியைத் தாங்கும். அதனால் அந்த ஒரு சட்டத்தை சுடலைமுத்து அண்ணாச்சி அடிக்கட்டும் என்று நானே சொன்னேன். அவர் ஆணியால் அடித்தார். பக்கச் சட்டங்களும் முன்சட்டமும் பழைய மரம், அவற்றை நான் பின்னைக் கொண்டு அடித்தேன். ஒரே கூரையில் அவர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் இழுத்துப் பிடித்துக்கொண்டு வேலை பார்த்தோம். கன் வெடிக்கும்போதெல்லாம் அவர் முகத்தைச் சுளிப்பார். கடைசி நாள் வரைக்கும் அவர் அந்தக் கன்னைத் தொட்டதில்லை. நானும் அவரை மாற்ற முயலவில்லை.

மதுரைக் கண்காட்சிக்குப் பட்டறையிலிருந்து ஒருவர் கூட வர வேண்டும் என்று மில்காரர் கேட்டபோது, காக்கா என்னை அனுப்பினார். மில்காரருக்கு அது பிடிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. நான் போனேன்.

சோதிக்க வந்தவர் வயதானவர், மரியாதையானவர். எஞ்சினை நன்றாகப் பாராட்டினார். தோலைத் தடவிப் பார்த்துத் தலையசைத்தார். கூரைத்துணியின் ஓரப்பட்டியை ஒரு மெல்லிய தகட்டால் தூக்கிப் பார்த்தார். பின்சட்டத்தில் ஆணி, பக்கச் சட்டத்தில் பின். ஒரே வண்டியில் ஏன் இரண்டு விதம் என்று கேட்டார். நான் சொன்னேன். பழைய மரத்தைப் பற்றியும், புதுச் சட்டத்தைப் பற்றியும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். காரணம் சரியாகவே இருக்கலாம், ஆனால் இந்த வண்டி வந்த காலத்தில் இந்தப் பின் கிடையாது, வண்டி வந்த விதத்துக்குத்தான் இங்கே மார்க், அதனால் குறைத்துத்தான் ஆக வேண்டும் என்றார். அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் அதுவும் நியாயம்தான். பிறகு மில்காரர் முகத்தைப் பார்த்து அவருக்கே இரக்கம் வந்ததோ என்னவோ, வேலை இன்னும் முடியவில்லை, அடுத்த வருஷத்துக்குள் ஆணிக்கு மாற்றிவிடுவோம் என்று வேலை செய்தவர் வாயாலேயே ஒப்புக்கொண்டால் இந்தத் தடவை குறைக்காமல் விடலாம் என்று ஒரு வழி சொன்னார்.

மில்காரர் மாதக்கணக்கில் முதல் தடவையாக என்னிடம் நேராகப் பேசினார். "சரின்னு சொல்லும்மா. ஒரு வார்த்ததான்."

ஒரு வார்த்தைதான். சொல்லிவிட்டு வந்து மாற்றாமலும் இருந்திருக்கலாம். ஆனால் அந்த வேலை முடிந்த வேலை. அதை முடியாத வேலை என்று என் வாயால் நான் ஏன் சொல்ல வேண்டும்?

"வேலை முடிஞ்சிட்டு முதலாளி. அடுத்த வருசமும் அந்தப் பழைய மரத்துல நான் ஆணி அடிக்க மாட்டேன். மார்க்க அவுங்க கொறச்சிக்கிடட்டும்" என்றேன்.

மில்காரர் கையை உதறிக்கொண்டு அப்பால் போனார். சோதனைக்காரர் பேனாவைப் பிடித்தபடி நின்றார். அப்போது வண்டிக்குப் பின்னால், நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த கோமதி ஆச்சி எழுந்து வந்தார். அதுவரைக்கும் அவர் குரலை நான் கேட்டதில்லை. கணவரைப் பார்த்து, சத்தம் கூட்டாமல் சொன்னார்:

"அன்னைக்கி மழையில நனஞ்சது நான். இந்தக் கூரைக்குக் கீழ இருந்து ஊருக்குப் போகப்போறதும் நான். மார்க்கு போடுதவுக வீட்டுக்குப் போயிருவாவ. இந்தப் பிள்ள செஞ்சது செஞ்சதா இருக்கட்டும்."

மில்காரர் திரும்பி வந்து, "கொறச்சிப் போடுங்க சார்" என்றார். சோதனைக்காரர் எழுதினார்.

பரிசு வாங்கிய வண்டிகளின் பெயரை ஒலிபெருக்கியில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பெயர் அதில் இல்லை. மில்காரர் கூரையை விரிக்க ஆரம்பித்தார், நான் மறுபக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேருமாக இழுத்து முன்சட்டத்தில் பூட்டினோம். துணி தாளம் போட்டால் கேட்கும் அளவுக்கு விறைத்து நின்றது. ஆச்சி ஏறிப் பின்சீட்டில் சாய்ந்துகொண்டார். மில்காரர் முன்கதவைத் திறந்து, "முன்னால ஏறும்மா" என்று எனக்கு இடம் காட்டினார்.